கையெழுத்தில்லாமல் நான் போட்ட பச்சைக் கோடு

அந்தப் பேனாவை அழுத்தினால் 'டிக்'கென்று ஒரு சத்தம் வரும். அதன் தலைப்பக்கத்தில் நான்கு வண்ணங்களில் நான்கு கொம்புகள் இருந்தன. நீலத்தைக் கட்டைவிரலால் கீழே தள்ளினால் நீலமாக எழுதும், பிறகு சிவப்பைத் தள்ளினால் நீல முனை தானாக உள்ளே ஓடிப்போய்ச் சிவப்பு எட்டிப் பார்க்கும், அப்படியே பச்சை, அப்படியே கறுப்பு. எழுத ஒன்றும் இல்லாதபோதும் அதை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே இருப்போம். கூடவே வந்த நோட்டை விரித்தால் புதுச் சோப்பின் உறையைப் பிரித்ததுபோல் ஒரு வாசனை வரும். தாள் முழுக்க ஊதா நிறத்தில் பொடிப்பொடிக் கட்டங்கள். அமலனின் அம்மா அதைக் 'காயே' என்பார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள் எங்கள் புதுச்சேரியில் நோட்டை அப்படித்தான் சொல்வார்கள், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகினோம். பேனாவும் காயேயும் அமலனின் அப்பா பிரான்சிலிருந்து அவனுக்கு அனுப்பியவை. அதற்குப் பிறகு அவர் அவனுக்கு எதுவும் அனுப்பவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் காயேயில் நான் செய்த காரியத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

கூடிக் கதை எழுதும் பிள்ளைகளே, நான் பத்தாவதோடு படிப்பை விட்டவன். மூலக்குளத்தில் வண்டிகளுக்கு சீட்டு கவர் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். எழுதிப் பழக்கமில்லை, ஆனால் கையெழுத்து மட்டும் சின்ன வயதிலிருந்தே முத்து முத்தாக இருக்கும், தெருவில் யாருக்கு விலாசம் எழுத வேண்டுமானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கையெழுத்தைப் பற்றி அன்றைக்கு எனக்கிருந்த பெருமையை நினைத்தால் இன்றைக்குக் கூச்சமாக இருக்கிறது.

அப்போது நாங்கள் நெல்லித்தோப்பில் குடியிருந்தோம். ஏழாம் வகுப்பு முடிந்து கோடை லீவு விட்டிருந்தார்கள். அமலன் எனக்கு அடுத்த வீடு. எதிர்வீடு நூர்ஜஹான், அவளுடைய அப்பா கடைத்தெருவில் வளையல் கடை வைத்திருந்தார். வெயில் கொஞ்சம் சாய்ந்ததும் மூன்று பேரும் அமலன் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் கூடிவிடுவோம். அங்கே எங்களுக்கு ஒரு நாடு இருந்தது. நீலமதில் நாடு என்று பெயர். அங்கே இரண்டு நிலாக்கள், மதிலுக்கு வெளியே தீ கக்கும் பறவைகள். அமலன் அந்த நாட்டின் இளவரசன் வேழன். நான் மந்திரி மதிவாணன். நூரை ராணியாக இருக்கச் சொன்னோம்.

"ராணின்னா சும்மா உக்காந்துகினே இருக்கணும். நான் சூனியக்காரி. உங்க ரெண்டு பேரையும் தவளையாக்கிடுவேன்," என்றாள்.

"மந்திரியைத் தவளையாக்கிட்டா நாட்டை யாரு பாத்துப்பா?" என்றேன்.

"தவளையே பாத்துக்கும். இப்ப மட்டும் நீ இன்னா கிழிக்கிற?"

கதையை ஆளுக்குக் கொஞ்சமாக, அவரவர் பாத்திரத்தின் வாயாலேயே சொல்லிக்கொண்டு போவோம். ஒருவருடைய பாத்திரத்துக்காக இன்னொருவர் பேசக் கூடாது. ஆனால் கதையைவிட அதற்கு முன்னால் நடக்கும் வேலைதான் எங்களுக்கு ருசியாக இருந்தது. காயேயின் நடுப்பக்கத்தில் எல்லாப் பெயர்களையும் கறுப்பில் எழுதி வட்டம் போட்டு, யாருக்கு யார் என்ன உறவு என்று பேசிப் பேசி முடிவு செய்து கோடு இழுப்போம். பச்சை என்றால் ரத்த உறவு, நீலம் என்றால் நட்பு, சிவப்பு என்றால் பகை. ஒருமுறை நூரைக் கேட்காமல் அவளுடைய சூனியக்காரிக்கும் ஒரு கிழட்டுப் பூதத்துக்கும் நான் நீலக் கோடு போட்டுவிட்டேன். அவள் சண்டை பிடித்து ஒரு சட்டமே கொண்டுவந்தாள். கோட்டின் இரண்டு முனையிலும் அந்தந்தப் பாத்திரத்துக்கு உரியவர் கையெழுத்துப் போட வேண்டும். செத்துப்போன ராஜா, பூதம் என்று ஆளில்லாத பாத்திரமாக இருந்தால் அந்த முனையில் கோட்டைப் போட்டவரே கையெழுத்திட வேண்டும். ஒரு முனை காலியாக இருந்தாலும் அந்த உறவு நாட்டில் செல்லாது.

எழுதுகிற வேலை என்னுடையது. காயே அமலனுடையதாக இருந்தாலும், "நீதான்டா மந்திரி, நீயே வச்சிக்கோ," என்று அவனே என்னிடம் கொடுத்திருந்தான்.

அமலனின் அப்பா பிரான்சுக்குப் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. அங்கே குடியேறுவதற்கான பேப்பரை அவர் அனுப்பியதும் அமலனும் அம்மாவும் போய்விடுவார்கள் என்று தெருவுக்கே தெரியும். எங்கள் ஊரில் 'பேப்பர்' என்றால் போதும், எந்தப் பேப்பர் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ரேஷன் கடையிலும் குழாயடியிலும் 'பிரான்சுக்காரர் வீட்டம்மா' என்று அமலனின் அம்மாவுக்குத் தனி மரியாதை உண்டு. "இந்த வருசம் வந்துடும்," என்று அவரும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

நூர் வராத ஒரு சாயங்காலம், தொட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அமலன் சொன்னான்: "சேகர், ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாத."

அப்பாவிடமிருந்து ஒரு கடுதாசி வந்திருக்கிறது. அம்மா அதைக் கோயிலுக்குக் கட்டும் புடவைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார், இவன் எடுத்துப் பார்த்துவிட்டான். அதில் ஒரு போட்டோ. பனி மூடிய காருக்கு முன்னால் அப்பா, பக்கத்தில் ஒரு பெண், அப்பாவின் கையில் ஒரு சின்னப் பையன். இனிமேல் வரமாட்டேன், பேப்பரை எதிர்பார்க்க வேண்டாம் என்று எழுதியிருந்தாராம்.

"எனக்குத் தெரியும்னு அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா தாங்க மாட்டாங்கடா. எனக்காகத்தான் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்காங்க," என்றான். நான் என் அம்மா மேல் சத்தியம் செய்தேன்.

அதற்கடுத்த வாரம் குருசுக்குப்பத்திலிருந்து பாபு வந்தான். எங்கள் தெருவில் இருந்த அவனுடைய அத்தை வீட்டுக்கு லீவுக்கு வந்தவன். அவன் அப்பா கடலுக்குப் போகிறவர். காற்று எந்தப் பக்கம் திரும்பினால் படகை என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் பாபுவுக்குத் தெரியும். அவன் மாடி ஏறி வந்த அன்றைக்கே எங்கள் நாட்டுக்குக் கடல் வந்துவிட்டது. அவன் கப்பல் தலைவன் சுறாமாறன், திமிங்கிலங்களோடு பேசுகிறவன். நூருக்கே அவனைப் பிடித்துப்போய்விட்டது. அமலன் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சொன்னான்:

"வேழனுக்கு ஒரு தம்பி இருக்கான். சின்ன வயசுல கடல்ல காணாமப் போயிட்டான். அது சுறாமாறன்தான்."

"தம்பியா? நான் உன்னவிட உயரம்டா," என்றான் பாபு.

"கதையிலடா."

"தம்பின்னா பாதி ராஜ்ஜியம் எனக்கு உண்டா?"

"பாதி இன்னா, முழுசா எடுத்துக்கோ."

பச்சைக் கோட்டை நான்தான் போட்டேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்கள். எனக்கும் அமலனுக்கும் இருந்தது நீலக் கோடு மட்டும். லீவு தொடக்கத்தில் மந்திரியை இளவரசனுக்கு அண்ணனாக வைக்கலாமா என்று நான் கேட்டபோது, "மந்திரி ஃபிரெண்டுடா, அண்ணன் தம்பியெல்லாம் வேணாம்," என்று சொன்னவன் அவன். நேற்று வந்தவனுக்குப் பச்சை, எனக்கு நீலமா என்று என் வயிறு எரிந்தது. பிள்ளைகளே, இதற்கு வேறு நல்ல பெயர் எதுவும் வைக்க முடியாது. அது பொறாமைதான்.

மறுநாள் மத்தியானம் என் வீட்டில் உட்கார்ந்து காயேயைத் திறந்தேன். வேழனின் பெயருக்கு மேலே ஒரு வட்டம் போட்டு 'கடல் கடந்து போன ராஜா' என்று எழுதினேன். அதற்குப் பக்கத்தில் 'அங்கே உள்ள ராணி', அதற்குக் கீழே 'அவர்களின் குழந்தை'. ராஜாவிலிருந்து வேழனுக்கு ஒரு பச்சைக் கோடு, அந்தக் குழந்தைக்கு இன்னொரு பச்சைக் கோடு. அடியில் கட்டம் மாறாமல் அழகாக எழுதினேன்: 'ராஜா திரும்பி வரமாட்டார். ஓலையும் அனுப்ப மாட்டார். இங்கே உள்ள ராணிக்கு இது தெரியும், ஆனால் ஊருக்கு மறைக்கிறாள்.' எழுதும்போது எனக்கு அழுகையோ பயமோ வரவில்லை, இத்தனை நாளில் எழுதியதிலேயே இதுதான் நல்ல கதை என்று தோன்றியது, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது. கையெழுத்து மட்டும் போடவில்லை. போடக் கூடாது என்று என் கைக்குத் தெரிந்திருக்கிறது.

சாயங்காலம் எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்து அதைச் சத்தமாகப் படித்தேன்.

"யாரு போட்ட கோடு இது? ரெண்டு முனையும் காலியா இருக்குது," என்றாள் நூர்.

பாபுவுக்கு ஒன்றும் தெரியாது. "டேய் அமலா, இது உங்கப்பா கதை மாதிரியே இருக்குதே! எங்க அத்தகூட சொல்லிச்சு, ஆறு வருசமா பேப்பர் வருது வருதுன்னு..." என்று ஆரம்பித்தவன், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

நூர் என்னைப் பார்த்தாள். அமலன் என்னைப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினான்.

"பேனாவைக் குடு."

கொடுத்தேன். 'டிக்'கென்று பச்சையைத் தள்ளி, வேழனின் பக்கத்து முனையில் நிதானமாகத் தன் கையெழுத்தைப் போட்டான். "என் முனையில போட்டுட்டேன்," என்று நூரிடம் சொன்னான். பிறகு என்னிடம், "ராஜாவுக்கு ஆளு இல்ல. கோடு போட்டவன்தான் போடணும். போடுடா," என்று பேனாவை நீட்டினான். நான் தண்ணீர்த் தொட்டியின் பாசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து அவன் அம்மா உலர்ந்த துணிகளை எடுக்க மேலே வந்தார். எங்கள் காயேயைப் பார்ப்பதில் எப்போதும் அவருக்கு ஒரு சந்தோஷம். "இன்னிக்கு யாரு யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டுக்கொண்டே குனிந்து எடுத்தார். படித்தார்.

"இது யாரு எழுதுனது?"

அவர் பிரான்சுக்கு அனுப்பிய ஒவ்வொரு கடுதாசியிலும் விலாசம் எழுதியது நான். என் எழுத்து அவருக்கு நன்றாகத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

"நான்தாம்மா. சும்மா கதை," என்றான் அமலன்.

அவர் அவன் கையெழுத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். இத்தனை நாளாக இருவரும் ஒருவருக்கொருவர் மறைத்து வைத்திருந்தது அந்த ஒரு நிமிடத்தில் உடைந்து போனதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பிறகு என்னையும் ஒரே ஒரு தடவை பார்த்தார். காயேயை மூடி என் முன்னால் வைத்துவிட்டுத் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"டீ போட்டிருக்கேன். எல்லாரும் கீழ வாங்க."

வீட்டில் தேடுவார்கள் என்று சொல்லிவிட்டு நூர் போய்விட்டாள். பாபு நின்றபடியே குடித்துவிட்டு ஓடினான். எனக்கு எழுந்து போகவும் தைரியம் இல்லை. ரொட்டியை டீயில் தோய்த்துத் தின்றேன். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா, சேகர்?" என்று அவர் கேட்டார். நான் தம்ளரை நீட்டினேன்.

அதோடு நீலமதில் நாடு முடிந்தது. மறுநாள் மாடிக் கதவு சாத்தியிருந்தது. நூர் தன் வீட்டு வாசலிலிருந்து, "நீயெல்லாம் ஒரு மந்திரி," என்று மட்டும் சொன்னாள். காயே என் பையிலேயே இருந்தது. அதைத் திறக்கவும் பயம், திருப்பிக் கொடுக்கவும் பயம். என் அம்மா பழைய பேப்பர்காரருக்குச் செய்தித்தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது யாரும் பார்க்காமல் அந்தக் கட்டின் நடுவில் அதைச் செருகிவிட்டேன். மூன்றாம் நாள் அமலன் வாசலில் வந்து நின்றான்.

"காயேயைக் குடுடா. அப்பா அனுப்புனது."

அந்த அப்பாவைப் பற்றி அவ்வளவு தெரிந்த பிறகும் அதைக் கேட்டு வந்திருந்தான்.

"தொலைஞ்சிடுச்சுடா," என்றேன்.

"சரி," என்று சொல்லிவிட்டுப் போனான். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு கடலூர்ப் பக்கம் மாமா வீட்டுக்குப் போய்விட்டார்கள். குழாயடியில் என்னவெல்லாமோ பேசினார்கள். பிரான்சுக்காரர் வீட்டம்மா என்று அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை.

போன வருடம் என் கடைக்கு ஸ்கூட்டர் சீட்டு கிழிந்துவிட்டது என்று ஒருவர் வந்தார். நான் தலை நிமிர்வதற்குள், "மந்திரியாரே!" என்று சிரித்தார். அமலன். தலை நரைத்திருந்தது, சிரிப்பு அதே சிரிப்பு. மறுபடி ஊருக்கே வந்துவிட்டானாம், இரண்டு பெண் பிள்ளைகளாம், அம்மா அவனோடு நன்றாக இருக்கிறாராம். சீட்டு தயாரானதும் கூப்பிடுவதற்கு நம்பர் கொடுத்தான். போகிற போக்கில், "அந்தக் காயே அப்புறம் கெடச்சுதாடா?" என்று கேட்டான். வாயில் நூலைக் கடித்துக்கொண்டிருந்தேன். "இல்லடா," என்றேன். இந்த வயதிலும் அதே பொய்யைச் சொன்னேன். "போனாப் போவுது," என்று வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டுப் போனான்.

இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. போன வாரம் சொல்ல வேண்டி வந்தது. என் மகள் யாழினி எட்டாவது படிக்கிறாள். அவளும் மூன்று சிநேகிதிகளும் போனில் ஒரு குரூப் வைத்துக்கொண்டு டிராகன்கள் வாழும் நாட்டைப் பற்றிக் கதை எழுதுகிறார்கள். ஆளுக்கு ஒரு பாத்திரம், அவரவர் பாத்திரத்துக்கு அவரவர் எழுத வேண்டும். எழுதுவதற்கு முன்னால் யாருக்கு யார் அக்கா, யாருக்கு யார் எதிரி என்று திட்டம் போடுவதற்கே அவர்களுக்கு நேரம் போதவில்லை. பள்ளி விட்டு வந்து கடையில் உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்:

"அப்பா, வைஷுவுக்கு அப்பா இல்ல இல்ல? அவ கேரக்டருக்கும் அப்பாவ சாகடிச்சிட்டா செம எமோஷனலா இருக்கும்ல?"

ரெக்சின் வெட்டிக்கொண்டிருந்த கத்திரிக்கோல் நின்றுவிட்டது.

"அவகிட்ட கேட்டியாம்மா?"

"சர்ப்ரைஸா வைக்கப்போறேன். கதைதானேப்பா."

கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோடு போட்டது, வாய் திறக்காமல் இருந்தது, பேப்பர்க்கட்டில் செருகியது எல்லாம். "அதுக்கப்புறமும் அந்த அம்மா உனக்கு டீ குடுத்தாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு, "நீ சாரி சொல்லலியா?" என்றாள்.

"இல்ல."

"இப்ப வரைக்குமா?"

என் மகள் என்னை அப்படிப் பார்த்து நான் அறிந்ததில்லை.

மறுநாள் பையை வைத்ததும் சொன்னாள்: "வைஷுவைக் கேட்டேன்ப்பா. சாகடிக்க வேணாமாம். அவ கேரக்டருக்கு அப்பா வேணுமாம். டிராகன் மேய்க்கிற அப்பா. தெனமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவாராம்."

அப்போதுதான், இத்தனை வருடம் கழித்து, எனக்கு ஒன்று புரிந்தது. அமலன் ஏன் அந்த வாரத்தில் திடீரென்று கடலில் காணாமல் போன ஒரு தம்பியைக் கேட்டான் என்று நான் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. போட்டோவில் அப்பாவின் கையில் இருந்த பையனை அவன் பார்த்திருக்கிறான். கடலுக்கு அப்பால் இருக்கும் ஒரு தம்பி. வெறுத்திருக்கலாம், சிவப்புக் கோடு போடச் சொல்லியிருக்கலாம். அவன் பச்சைக் கோட்டில் கையெழுத்துப் போட்டு முழு ராஜ்ஜியத்தையும் கொடுத்தான். என்னைவிடப் பாபு உசத்தி என்று அவன் நினைத்ததாக நான் நினைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

நெல்லித்தோப்பில் அந்த வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் நான்கு மாடி எழும்பி, மேலே கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன. நூர் கல்யாணமாகி வெளியூர் போனாள். பாபுவைப் பற்றித் தெரியவில்லை. அந்தக் காயே, ஊதாக் கட்டங்களோடும் அமலனின் பச்சைக் கையெழுத்தோடும், யாருக்கோ வேர்க்கடலை மடித்துக் கொடுத்த தாளாகப் போயிருக்கும்.

நேற்று யாழினியை அனுப்பி நான்கு வண்ணப் பேனா ஒன்று வாங்கிவரச் சொன்னேன். இப்போதும் கிடைக்கிறது, சத்தம்கூட அதேதான். இதை எழுதி முடித்துக் கடைசித் தாளின் அடியில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். பச்சை கேட்க எனக்கு எந்த உரிமையும் இல்லை, நீலம்தான். ஞாயிற்றுக்கிழமை இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு அமலன் வீட்டுக்குப் போகிறேன். அம்மாவும் அங்கே இருப்பார். அவர் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தேன், ஒரு வரியும் சரியாக வரவில்லை. கோட்டின் இந்த முனையில் சேகர் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்த முனை காலியாக இருக்கிறது. அவன் போடாவிட்டால் அது செல்லாது.